புளிக்கு அசையாத கல்

சமையல் மேடைக்கு எந்தக் கல் போடலாம்? கடலூர் – சிதம்பரம் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சில யோசனைகள்

வீடு கட்டுகிறவர்கள் வாசற்கதவுக்காக மூன்று ஊர் அலைகிறார்கள். தேக்கா, வேங்கையா என்று நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். கூடத்துத் தரைக்கு முப்பது மாதிரிகளைப் பார்த்து, முப்பதையும் வேண்டாம் என்று தள்ளி, முப்பத்தோராவதை வாங்குகிறார்கள். சமையல் மேடை என்று வரும்போது மட்டும், "மேஸ்திரி, நீங்களே பார்த்து ஒரு கல்லைப் போட்டுவிடுங்கள்" என்று கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதற்குள் கையில் இருந்த பணமும் கரைந்து, மனசில் இருந்த உற்சாகமும் கரைந்து போயிருக்கும்!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசற்கதவை நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடுவோம். கூடம் விருந்தாளி வந்தால்தான் நிறையும். சமையல் மேடையோ விடியற்காலைக் காப்பியில் ஆரம்பித்து, இராத்திரி பால் காய்ச்சி இறக்கும் வரையில் ஓயாமல் உழைக்கிறது. கொதிக்கிற குழம்புச் சட்டியை அதன் தலையிலேதான் இறக்குகிறோம். புளிக்கரைசலை அதன்மேல்தான் சிந்துகிறோம். மஞ்சள், எண்ணெய், மீன் கழுவிய தண்ணீர், எலுமிச்சம்பழச் சாறு எல்லாம் அதற்குத்தான் அபிஷேகம். இத்தனையையும் இருபது முப்பது வருஷம் தாங்க வேண்டிய கல்லை இரண்டு நிமிஷத்தில் முடிவு செய்வது நியாயமா?

இதிலே இன்னொரு சங்கடமும் உண்டு. கல்லைப் பார்த்து வாங்கி வருகிறவர் ஒருவர். அந்தக் கல்லோடு குடித்தனம் செய்கிறவர் வேறொருவர். வாங்கியவருக்குக் கடையில் பளபளத்த பளபளப்புத்தான் ஞாபகம் இருக்கும். ஆறே மாதத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக்கள் விழுந்து, "எத்தனை தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறதே!" என்று அலுத்துக்கொள்கிறவர் வீட்டு அம்மாள்தான். அவர் சுத்தக் குறைவு என்று பேர் வாங்குகிறார். குற்றம் அவர் மேல் அல்ல. கல்லின் ஜாதியில் இருக்கிறது. அது எப்படி என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

தரையிலிருந்து மேடைக்கு

நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பிரச்னையே கிடையாது. மண் அடுப்பு தரையில் இருந்தது. அரிவாள்மனை தரையில் இருந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையில்தான். சமையல் என்றால் உட்கார்ந்து செய்கிற காரியம். சாணியால் மெழுகிய தரைக்குக் கறை ஏது? மறுநாள் மெழுகினால் புதுத் தரை!

மேடையைக் கொண்டுவந்தது காஸ் அடுப்பு. 1960-களில் நகரங்களில் மெல்ல நுழைந்த சமையல் காஸ், 2007-லிருந்து தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பும் அடுப்பும் கொடுத்தபோதும், 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தபோதும் கிராமத்துக் குடிசை வரையில் போய்விட்டது. அந்த அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில், தீப்பிடிக்காத மேடையின் மேல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அடுப்பு மேலே ஏறியது. அதோடு சமைக்கிறவரும் எழுந்து நின்றார். காய் நறுக்குவது, மாவு பிசைவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் மேடைக்கு வந்து சேர்ந்தன. மண் தரை செய்து வந்த ஊழியம் முழுவதும் இரண்டடி அகலக் கல்லின் தலையில் விழுந்தது.

குடிகாட்டுக் காற்று

எந்தக் கல் என்று பேசுமுன், எந்த ஊர் என்று பார்க்க வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஊரை விட்டுக் கொஞ்சம் தெற்கே வந்தால் குடிகாடு. ஒரு பக்கம் உப்பனாறு, அதற்கு அப்பால் கடல். 1980-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ரசாயன ஆலைகள் அண்டை வீட்டார் ஆகிவிட்டன. இந்தப் பக்கத்து ஊர்களில் நிலத்தடி நீரைப் பற்றிய முறையீடுகள் அதிலிருந்து ஓய்ந்தபாடில்லை.

சமையல் மேடைக்கு இதனால் என்ன என்கிறீர்களா? மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, உப்புக்காற்று, அது இரும்பைத் தின்றுவிடும். இரண்டாவது, உப்பும் சுண்ணாம்பும் கலந்த கிணற்று நீர். மேடையில் சிந்திக் காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும். மூன்றாவது, காற்றோடு வருகிற மணல். பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து மேடையைக் கீறும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிற உறவினர், "நாங்கள் இதைத்தான் போட்டோம், ஜோராக இருக்கிறது" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று: இது கல் விளையாத சீமை. சிதம்பரத்தைச் சுற்றிலும் கொள்ளிடம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். நடராஜர் கோயில் கோபுரங்களின் அடித்தளத்தில் இருக்கும் கருங்கல் அத்தனையும் வெளியூரிலிருந்து வந்ததுதான். கடலூருக்கு மேற்கே கேப்பர் மலை இருக்கிறதே என்றால், அது சிவந்த மணற்கல். புவியியல் நூல்களில் 'கடலூர் மணற்கல்' என்று ஊர்ப் பேரோடு அது பிரசித்தம். ஆனால் தண்ணீரைப் பஞ்சு போலக் குடிக்கும். அதைச் சமையல் மேடையில் போட்டால் குழம்பையும் குடித்துவிடும்! ஆகவே நமக்கு வருவதெல்லாம் லாரியில் வரும் கல். அது எங்கிருந்து வருகிறது, எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

வெற்றிலைச் சுண்ணாம்பின் தமக்கை

மேஸ்திரி கையில் விட்டால் முதலில் வருவது கடப்பாக் கல். ஆந்திரத்துக் கடப்பை ஜில்லாவிலிருந்து வருவதால் அந்தப் பேர். கறுப்பாக, வழவழப்பாக இருக்கும். பட்டை பட்டையாகப் பெயர்ந்து வரும் கல் ஆதலால் அறுப்புக் கூலி குறைவு, விலையும் குறைவு. ஏழை வீட்டுக்கு மேடை கொடுத்த புண்ணியம் அதற்கு உண்டு.

ஆனால் இந்தக் கறுப்பழகி பிறந்த குலம் சுண்ணாம்புக் கல் குலம். வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கடப்பைச் சீமையில் எர்ரகுண்ட்லா பக்கத்துச் சிமெண்டு ஆலைகள் நடப்பதே இந்த இனத்துச் சுண்ணாம்புக் கல்லை வைத்துத்தான். சுண்ணாம்புக்கும் புளிப்புக்கும் ஜன்மப் பகை. புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சம்பழத்தில் சிட்ரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. இவற்றில் எது பட்டாலும் கல்லின் மேல்தோல் கொஞ்சம் கரைந்துவிடும். பளபளப்பு போய், அந்த இடம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிடும்.

இதைக் கறை என்று எண்ணித்தான் நம் வீட்டு அம்மாள் நாரைப் போட்டுத் தேய்க்கிறார். கறை என்றால் மேலே ஒட்டியிருப்பது, தேய்த்தால் போகும். இது கல்லில் விழுந்த புண். புண்ணைத் தேய்த்தால் ஆறுமா? அதிலும் சிலர், "எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டுத் தேய்க்கிறார்கள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றின கதைதான்!

பளிங்குக் கல்லும் இதே குலம். தாஜ்மகாலுக்கு அது சரி. அங்கே யாரும் புளிக்குழம்பு வைப்பதில்லை. சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைப் பதித்துத் தேய்க்கும் மொசைக் மேடைக்கும் இதே கதிதான்.

அம்மி சொல்லும் பாடம்

அப்படியானால் புளிக்கு அசையாத கல் எது? பதில் நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது. அம்மியைப் பாருங்கள். பாட்டி காலத்திலிருந்து அதில் புளி வைத்து அரைத்திருக்கிறோம், உப்பு வைத்து அரைத்திருக்கிறோம், மிளகாய் வைத்து அரைத்திருக்கிறோம். அது வெளுத்ததா? கரைந்ததா? குழவி உரசி உரசி வழவழப்பானதுதான் மிச்சம். அதனால் அல்லவா அம்மி கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்!

அம்மி, கருங்கல். கடைகளில் கிரானைட் என்று விற்பது அதன் பங்காளிகளைத்தான். கல்லின் உறுதியை அளப்பதற்கு ஜெர்மானியரான மோஸ் என்பவர் 1812-ல் ஒன்று முதல் பத்து வரை ஒரு வரிசை போட்டு வைத்தார். வைரத்துக்குப் பத்து. கடப்பாக் கல்லிலும் பளிங்கிலும் இருக்கிற கால்சைட்டுக்கு மூன்று. எஃகுக் கத்திக்கு ஐந்தரை. கிரானைட்டில் இருக்கிற ஃபெல்ட்ஸ்பாருக்கு ஆறு, குவார்ட்ஸுக்கு ஏழு. கடற்கரை மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். இப்போது புரிகிறதல்லவா? குடிகாட்டு மணல், மூன்று எண் வாங்கிய கல்லைக் கீறித் தள்ளிவிடும். ஆறும் ஏழும் வாங்கிய கல்லிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகச் சாயாது.

இந்தக் கல்லுக்காக வெகுதூரம் போகவேண்டியதும் இல்லை. அடுத்த விழுப்புரம் மாவட்டத்தில் குன்னம் என்ற ஊர்ப் பக்கத்தில் எடுக்கும் கறுப்புக் கல், 'குன்னம் கறுப்பு' என்ற பேரில் கடல் கடந்து போகிறது. தமிழக அரசு 1978-ல் ஏற்படுத்திய 'டாமின்' என்னும் கனிம நிறுவனத்தின் சரக்குகளிலே அதுவும் ஒன்று. சாஸ்திரப்படி பார்த்தால் அது கிரானைட்கூட அல்ல; டோலரைட் வகை. இருந்தாலும் அம்மியைப் போலவே புளிக்கு அசையாது. தண்ணீரையும் எண்ணெயையும் எளிதில் உள்ளே விடாது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல கறுப்புக் கல்லில் உப்புத் தண்ணீர் சிந்திக் காய்ந்தால் வெள்ளைப் படலம் எடுத்துக்காட்டும். ஆனால் இது புண் அல்ல, மேலே படிந்த தூசு மாதிரி. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் தீர்ந்தது. அதற்குக்கூட நேரமில்லை என்கிறவர்கள், புள்ளி புள்ளியாகச் சாம்பலும் பழுப்பும் கலந்த கிரானைட்டைப் போட்டுக்கொள்ளலாம். படலம் கண்ணுக்குத் தெரியாது. வெளிர் நிறக் கல்லில் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கக் கூடும் என்பதால், போட்டவுடன் கறை தடுக்கும் பூச்சு ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள்.

பீங்கான் ஓடும் எவர்சில்வரும்

"கல்லே வேண்டாம், டைல்ஸ் ஒட்டிவிட்டால்?" என்று சிலர் கேட்பார்கள். நம் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர். ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காகப் புளிப்பும் உப்பும் அதற்குள் கிடக்கின்றன; ஜாடி கலங்குவதில்லை. டைல்ஸின் மேற்பூச்சும் அப்படித்தான். தோஷம் ஓட்டில் இல்லை, இரண்டு ஓடுகளுக்கு நடுவில் பூசும் சிமெண்டில் இருக்கிறது. அதைப் புளி அரிக்கும், அழுக்கு உட்காரும், கரப்பான் பூச்சிக்குச் சாப்பாடு கிடைக்கும். கனமான பாத்திரம் விழுந்தால் ஓடு தெறிக்கவும் தெறிக்கும். ஆகவே பீங்கான் ஓட்டை அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒட்டுங்கள். தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெய்க்கு அதைப்போல் தோழன் கிடையாது.

எவர்சில்வர் மேடை ஓட்டல்களில் பார்த்திருப்பீர்கள். சுத்தத்துக்கு அது ராஜா. ஆனால் உப்புக்காற்று ஊர்களில் ரகம் பார்த்து வாங்க வேண்டும். 304 என்ற ரகத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் உண்டு. விலை மலிவான 202 ரகத்தில் நிக்கல் குறைவு. கடலோரத்தில் சீக்கிரம் துருப்புள்ளி கண்டுவிடும். கடலுக்கு மிகவும் அருகே இருப்பவர்களுக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் சிலாக்கியம். விலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த எஃகு என்று நம்பிவிடாதீர்கள். 202 ரகத்திலும் சாதாரணமாகக் காந்தம் ஒட்டாது. பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குவதே வழி. மேடைக்கு வேண்டாம் என்றாலும், பாத்திரம் கழுவும் தொட்டி வாங்கும்போது இந்த எண்கள் உதவும்.

புதிதாக வந்த மாப்பிள்ளை

இப்போது கடைகளில் 'குவார்ட்ஸ்' என்று ஒரு புது மாப்பிள்ளை வந்திருக்கிறார். வெள்ளை வெளேரென்று, கறையே படாதவராக இருப்பார். பேரைப் பார்த்து மலையில் வெட்டியது என்று எண்ண வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு போலக் குவார்ட்ஸ் தூளும், மீதி பிசினும் சேர்த்து ஆலையில் அழுத்திச் செய்தது. புளிக்கு அசையாது, அது மெய். ஆனால் சுமார் 150 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் பிசின் கருகும். பிரஷர் குக்கரின் உள்ளே இருக்கும் சூடு 120 டிகிரிதான்; பொறுத்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லோ இருநூறைத் தொடும். அவசரத்தில் ஒரு நாள் அதை மேடையில் வைத்தால், போன அழகு திரும்பாது. நம் சமையலறையில் அவசரம் இல்லாத நாள் எது?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இந்தக் கல்லை அறுக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்காத் தூசு, அறுக்கிறவரின் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். வந்தால் போகாத வியாதி அது. சிலிகோஸிஸ் என்று பேர். வாலிபப் பிராயத்துத் தொழிலாளர்கள் பலர் இதற்கு இரையானதைக் கண்டு, ஆஸ்திரேலிய அரசு 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து இவ்வகைச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது. உலகத்தில் முதன்முதலாக இப்படித் தடை போட்ட நாடு அதுதான்.

கிரானைட்டிலும் குவார்ட்ஸ் உண்டு. ஆனால் மூன்றில் ஒரு பங்கு போலத்தான். டோலரைட் வகைக் கறுப்புக் கல்லில் மிகமிகச் சொற்பம். இருந்தாலும் எந்தக் கல்லையும் உலர்வாக அறுப்பது தப்பு. நம் வீட்டு வாசலில் ஒரு பையன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வெள்ளைப் புழுதி மேகத்துக்கு நடுவே மிஷினை வைத்து அறுப்பதைப் பார்த்திருப்போம். அந்தக் கைக்குட்டை ஒரு காவலும் அல்ல. முன்னதாகவே அளவு எழுதிக் கொடுத்து, கடையிலேயே தண்ணீர் ஊற்றி அறுத்து வாங்குங்கள். வீட்டில் அறுத்தே தீரவேண்டிய மிச்சம் மீதிக்கும் பக்கத்தில் நின்று ஒருவர் தண்ணீர் ஊற்றட்டும். தூசுக்கென்று உள்ள முகமூடியை அறுக்கிறவர் போட்டுக்கொள்ளட்டும். நம் குடும்பம் சாப்பிடுவதற்காக இன்னொரு குடும்பம் மூச்சுத் திணற வேண்டாம்.

பாதி எலுமிச்சம்பழம் போதும்

கல் கடையில் எல்லாக் கறுப்பும் ஒன்று போலத்தான் மின்னும். கடைக்காரர், "பாருங்கள் சார், முகம் பார்க்கலாம்!" என்பார். "முகம் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது; புளி கொட்டினால் என்ன ஆகும்?" என்று கூட வந்த அம்மாள் கேட்க வேண்டும். பதிலுக்குக் காத்திராமல் மூன்று சோதனைகள் செய்துவிடலாம். மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது: பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சாறு கல்லின் மேல் பத்து நிமிஷம் நிற்கட்டும். துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு மங்கியிருந்தால் அது சுண்ணாம்புக் குலம்.

இரண்டாவது: நாலு சொட்டுத் தண்ணீர், நாலு சொட்டு நல்லெண்ணெய். கால் மணி கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்து நின்றால் கல் குடிக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது: நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து அழுத்தித் துடையுங்கள். துணியில் கறுப்பு ஏறினால், சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்கிறார்கள். நரைத்த தலைக்கு மை போட்ட கதை. சில மாதத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்!

கல்லுக்கு அடியில்

மேலே போடுவது எவ்வளவு உயர்ந்த கல்லானாலும், கீழே தாங்குவது சரியில்லை என்றால் பிரயோஜனமில்லை. கடலோரத்தில் கான்கிரீட் மேடைகளின் அடிவயிறு வெடித்து, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்ப்பதைக் காணலாம். உப்புத் தண்ணீரில் கலவை போட்டதன் பலன் அது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உப்பங்கரையில் பல கிணறுகள் அந்தப் பரீட்சையில் தேறா. ஆகையால் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கலவை போடுங்கள். கடல் மணல் உதவவே உதவாது. அல்லது இரண்டடிக்கு ஒரு செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் கடப்பாக் கல்லைப் பரப்பி, அதற்கும் மேலே கிரானைட்டைப் பதியுங்கள். கம்பியே இல்லாத இடத்தில் துரு எங்கிருந்து வரும்? பார்த்தீர்களா, மேலே தோற்ற கடப்பாக் கல் கீழே வந்ததும் ஜெயித்துவிட்டது! சாமான் அடுக்கும் தட்டுகளுக்கும் அதுவே போதும்.

தொட்டிக்காகக் கல்லில் வெட்டும் துவாரத்தின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைவாக வெட்டச் சொல்லுங்கள். விரிசல் மூலையிலிருந்துதான் கிளம்பும். மேடையின் விளிம்புக்கு அடியில் ஒரு கோடு கீறிவிட்டால், சிந்தின தண்ணீர் உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டி நின்றுவிடும். மேடை விளிம்பில் தேங்காய் உடைப்பதும், இஞ்சியை நங்கென்று தட்டுவதும் கூடாது. கருங்கல் தேயாது, ஆனால் தெறிக்கும். சிலிண்டர் வைக்கிற இடத்தைக் கதவு போட்டு அடைக்கிறவர்கள், தரையோரமாகக் காற்றுத் துவாரம் விடவேண்டும். சமையல் காஸ் காற்றைவிடக் கனம்; கசிந்தால் தரையில்தான் படியும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணை மூடிக்கொண்டு மூன்றடி என்று கட்டிவிடுகிறார்கள். சமைக்கிறவரை நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கைக்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ள அம்மாளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று அங்குலம் சரியாக இருக்கும். மேஸ்திரியின் முழங்கையை வைத்துக் கட்டினால், தோள்வலி அம்மாளுக்குத்தான்.

சின்ன வீட்டுக்கும் நல்ல கல்

"இதெல்லாம் பணக்காரர் சமாசாரம்" என்று எண்ண வேண்டாம். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் இந்தக் கரையை அடித்துப் புரட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூரை பறிகொடுத்து, பிறகு கல் வீட்டுக்குக் கனவு கண்டவர்கள் எத்தனையோ பேர். குடிசைகளுக்குப் பதிலாக மூன்றரை லட்ச ரூபாய் உதவியில் 360 சதுர அடி வீடு என்று 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தைத் தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. அப்படிப்பட்ட அளவான வீட்டில் மேடைக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்?

வழி இருக்கிறது. மேடை முழுவதும் புளி சிந்துவதில்லை. அடுப்புக்கு இரண்டு பக்கமும், தொட்டிக்கு அருகிலும்தான் வேலை. அங்கே மட்டும் கிரானைட். மற்ற இடத்தில் கடப்பாக் கல். பெரிய பங்களாக்களுக்கு அறுத்தது போக மிஞ்சும் துண்டுகள் கல் கடைகளில் ஓரமாகக் கிடக்கும். விசாரித்தால் முழுக் கல்லைவிடச் சரசமான விலைக்குக் கொடுப்பார்கள். ஒரு நிறம் இன்னொரு நிறத்தோடு ஒட்டாது என்பதுதான் குறை. குழம்புக்கு நிறப்பொருத்தம் தெரியாது!

ஏற்கெனவே கடப்பாக் கல் போட்டுவிட்டவர்களும் கவலைப்பட வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். புளி கரைப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, தயிர்ப் பாத்திரம் வைப்பது எல்லாம் அதன்மேல் நடக்கட்டும். சிந்தினால் உடனே துடையுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். மங்கிய இடத்தைக் கல் மெருகிடுகிறவரைக் கொண்டு மறுபடி பாலிஷ் போடலாம்.

மொத்தத்தில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உப்புக்காற்றும் புளிக்குழம்பும் உள்ள நம் சீமைக்குக் கருங்கல் குலத்துக் கல்லே மேடைக்கு உகந்தது. அதிலும் அடுத்த மாவட்டத்துக் கறுப்புக் கல் வெகு பொருத்தம். கடைக்குப் போகிறபோது பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும். அதைவிட முக்கியமாக, அந்த மேடையில் நின்று சமைக்கப் போகிறவர் கூடவே போகட்டும். சோதனை செய்கிறவரும் அவரே, முடிவு சொல்கிறவரும் அவரே என்று இருந்தால், வீட்டில் பின்னால் வரக்கூடிய பாதிச் சச்சரவு அந்தக் கடையிலேயே தீர்ந்துவிடும்.